சிலிக்கோன் பையும் வெற்றிலைப் புகையிலையும்

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். மார்பகத்தை அகற்றிய இடத்தில் சிலிக்கோன் பை வைத்து மீளமைக்கலாம். சிலருக்கு அந்த இடத்தில் சீழ் பிடிக்கிறது. பையையே வெளியே எடுக்க நேர்கிறது. யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும்.

மார்பகத் திசுவை எடுத்ததும் பையை மூட மிஞ்சுவது பெரும்பாலும் மெல்லிய தோல்தான். அதற்கு ரத்தம் போதாவிட்டால் ஓரம் கறுத்துச் செத்துவிடும். அந்த வழியாக நுழையும் கிருமி பையின்மேல் வழவழப்பான படலமாகப் படியும். படலத்துக்குள் பதுங்கிய கிருமியை மருந்தால் அழிப்பது கடினம். அதனால்தான் நீரிழிவு, உடற்பருமன், கதிர்ச்சிகிச்சை, புகைப்பழக்கம் ஆகியவற்றை மருத்துவர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் இத்தகைய விவரங்களைக் கணினிக்குக் கற்பித்து, யாருக்குத் தொற்று வரும் என்று கணிக்க வைத்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அந்தக் கணக்கு தேயிலைத் தோட்டங்கள் உள்ள பதுளைக்கு அப்படியே பொருந்தாது. பசறையிலோ ஹாலிஎலயிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் “சிகரெட் பிடிப்பீங்களா?” என்று கேட்டால், “இல்லீங்க” என்பார். அது உண்மைதான். ஆனால் வெற்றிலையோடு ஒதுக்கிய புகையிலை கன்னத்தில் இருக்கலாம். மெல்லும் புகையிலையின் நிக்கோட்டினும் ரத்தத்தில் கலந்து நுண்குழாய்களைச் சுருக்கும். தோட்டப் பெண்களிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வியே “புகையிலை போடுவீங்களா?” என்பதுதான்.

அவர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கேட்கவேண்டும். ஏனென்றால், மார்பு சிவந்து காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே காட்டுவது பல வேளை பையைக் காப்பாற்றும்.