அனுமதி வேறு, அங்கீகாரம் வேறு

திருமலைக்கு நடந்து செல்வோர் அலிபிரியில் வணங்கிய பின்னரே படியேறத் தொடங்குகின்றனர். அம்மலையடிவாரத்தைச் சூழ்ந்த திருப்பதி, சித்தூர் வட்டாரங்களிலிருந்து இன்று பல பிள்ளைகள் உயர்கல்விக்காக அயல்நாடு செல்கின்றனர். அப்பயணத்துக்கும் ஒரு முதற்படி உண்டு: சேரவிருக்கும் கல்வி நிலையத்தின் தகுதியைச் சரிபார்த்தல்.

அதன் இன்றியமையாமையை ஆந்திரம் 2011-இல் உணர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில், கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரிலிருந்த டிரை-வேலி பல்கலைக்கழகத்தை அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட, அது மூடப்பட்டது. அதன் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுள் மிகுதியானோர் ஆந்திரத்தினர். சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. நிறுவனருக்கு 2014-இல் 16 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவத்தை வழங்கும் அரசு அனுமதி அந்நிறுவனத்துக்கு இருந்தது. கல்வித் தரத்துக்கான அங்கீகாரம் இல்லை. அமெரிக்காவில் இவ்விரண்டும் வெவ்வேறு. முன்னதை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அளிக்கிறது. பின்னதைத் தனி அமைப்புகள் ஆராய்ந்து அளிக்கின்றன. ஒன்றைக் கண்டு மற்றதும் உண்டு எனக் கொள்ளலாகாது.

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதுமா? மிச்சிகன் மாநிலத்து ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம், விசா முறைகேட்டைக் கண்டறிய அதிகாரிகளே அமைத்த பொறி என்பது 2019-இல் வெளிப்பட்டது. அங்கே ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. அதில் சேர்ந்தோரிலும் பெரும்பாலோர் இந்தியரே. வகுப்புக்கு வராமலேயே வேலை பார்க்கலாம் என்று முகவர் கூறினால், அதுவே விலகி நிற்பதற்கான எச்சரிக்கை.

விண்ணப்பிக்கும் முன் அந்நாட்டு அரசின் இணையதளத்தை நேரில் பார்த்தல் நலம். பிரிட்டனில் மாணவர் விசாவுக்கு ஆதரவளிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பதிவேடும், கனடாவில் சர்வதேச மாணவர்களைச் சேர்க்கத் தகுதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலும், ஆஸ்திரேலியாவில் 'கிரிகோஸ்' பதிவேடும் உள்ளன. கிரிகோஸில் நிறுவனத்துடன் பாடப்பிரிவின் பெயரும் உள்ளதா என்று காண வேண்டும். முகவர் காட்டும் அச்சுப்படி இவற்றுக்கு ஈடாகாது.

கல்விக்கடன் விண்ணப்பத்தில் கல்வி நிலையத்தின் விவரங்களை நாங்கள் கேட்பதும் இதனாலேயே. கல்லூரி மூடப்படலாம், அதனால் கடன் தீர்ந்துவிடாது. வட்டி வளரும், பெற்றோர் அடகு வைத்த வீடும் நிலமும் பொறுப்பில் நிற்கும். எனவே, முன்பணம் செலுத்துவதற்கு முன்பே சேர்க்கைக் கடிதத்துடன் கிளையை அணுகுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.