குண்டை விடப் பொல்லாதது காற்று!

2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றாரே, அந்தக் காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்றுத்தான் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. துப்பாக்கி சுடப் பழகும் பிள்ளைகளுக்காக, காற்று நிரப்பும் சிறு கம்ப்ரஸரைச் சிலர் வீட்டிலேயே வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். விலையும் மலிவு.

ஆனால் அது அடைப்பது சாமானியக் காற்றா? கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். துப்பாக்கியின் சிலிண்டரிலோ 200 பார்! இப்படி அழுத்தும்போது காற்று கொதிக்கும். ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகும். அந்தத் தண்ணீரை அவ்வப்போது திறந்து விடாவிட்டால் துப்பாக்கிக்குள் போய் உலோகத்தை அரிக்கும். மலிவான யந்திரம் சீக்கிரம் சூடேறும். இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

தாய்மார்களே, இன்னும் சில விஷயங்கள்: சிலிண்டரில் பொறித்துள்ள தேதியைப் பாருங்கள், சர்வதேசப் பந்தய விதிப்படி அதன் ஆயுள் அதிகபட்சம் 10 வருஷம். காற்றுக்குப் பதில் ஆக்ஸிஜனை அடைக்கவே கூடாது. எண்ணெய்ப் பசை பட்டால் வெடித்துவிடும். நிரம்பியதும், குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். அதுவரை முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்பால் நகராத உங்களுக்கு இதையா சொல்லித் தர வேண்டும்?