சாவியை எடுத்தும் நிற்காத எஞ்சின்

பழைய மெர்சிடஸ் பென்ஸ் 300டி மோட்டார் ஒன்றை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதாகவும், பானெட்டைத் திறந்து உள்ளேயிருக்கும் நிறுத்துகோலைக் கையால் அழுத்தினால்தான் அது ஓய்வதாகவும், டீசல் பம்பையே மாற்றவேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டதாகவும் மிகுந்த விசாரத்துடன் எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், சம்பந்தமில்லாத சங்கதிபோல, பின்கதவுகளின் பூட்டும் சில மாதங்களாகச் சரியாக விழுவதில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவருடைய கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே அடங்கியிருக்கிறது. எனக்கு வெகுநாளாகப் பிரியமான ஒரு யந்திர ஏற்பாட்டைப் பற்றிப் பேச அது இடம் கொடுத்திருப்பதில் எனக்குச் சந்தோஷமே.

அவருடைய வண்டி டபிள்யூ123 என்ற வரிசையைச் சேர்ந்தது. 1976 முதல் 1986 வரை ஜெர்மனியில் தயாரான அந்த வரிசையில் சுமார் 27 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. இன்றைய கார்களில் சின்னஞ்சிறு மின்சார மோட்டார்கள் செய்யும் பல காரியங்களை அந்த வண்டியில் வேக்குவம்தான் செய்கிறது. ரப்பர் டயாப்ரம் ஒன்றின் ஒருபுறத்துக் காற்றை உறிஞ்சிவிட்டால், மறுபுறத்து வாயுமண்டலம் அதைத் தள்ளுகிறது; அந்தத் தள்ளலே வேலையாகிறது. 8 செ.மீ. விட்டமுள்ள டயாப்ரத்தின் ஒரு பக்கத்தில் 500 மி.மீ. பாதரச அளவுக்கு வேக்குவம் இருந்தால், அதன்மேல் ஏறக்குறைய 34 கிலோ எடையின் பலம் விழுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத காற்றை அலட்சியம் செய்யத் தோன்றாது. பெட்ரோல் எஞ்சினில் இந்த வேக்குவம் உறிஞ்சுகுழாயிலேயே தானாக உண்டாகிறது. டீசல் எஞ்சினில் காற்றுவழியை அடைக்கும் தட்டு இல்லையாதலால், எஞ்சினின் முன்புறத்தில் அதற்கென்றே தனியாக ஒரு பம்பை அமைத்திருக்கிறார்கள்.

அந்தப் பம்பிலிருந்து புறப்படும் தடித்த குழாய் நேரே பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. வழியில் அதிலிருந்து பிரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள், நிறக்கோடுகளால் இனம்பிரிக்கப்பட்டு, கியர்பெட்டிக்கும், குளிர்காற்றுக் கதவுகளுக்கும், பின்புறத்துச் சேமிப்புக் கலத்தின் வழியாகக் கதவுப் பூட்டுகளுக்கும், எல்லாவற்றிலும் விசித்திரமாக, எஞ்சினை நிறுத்தும் கருவிக்கும் போய்ச் சேருகின்றன. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. மின்சாரத்தைத் துண்டித்து அதை அணைக்க இயலாது. ஆகவே சாவியைத் திருப்பும்போது அதன் பின்னாலுள்ள சிறு வால்வு திறந்து, டீசல் பம்பின் முதுகிலிருக்கும் டயாப்ரத்துக்கு வேக்குவத்தை அனுப்ப, அந்த டயாப்ரம் ஒரு தண்டை இழுத்து எண்ணெயை நிறுத்துகிறது. கதவுப் பூட்டும் எஞ்சின் நிறுத்தமும் ஒரே ஊற்றிலிருந்து உண்கிறபடியால், பின்கதவின் உள்ளே யாரும் காணாத மூலையில் ஒரு ரப்பர் முனை வெடித்துவிட்டால், எஞ்சின் தன் எஜமானனுடைய உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறது. நோய் ஓரிடத்தில், அதன் அறிகுறி ஆறடிக்கு அப்பால் வேறோரிடத்தில் என்ற இந்த விசேஷம்தான் என்னை மீண்டும் மீண்டும் இந்த வண்டியின்பால் ஈர்க்கிறது.

எங்கள் ஊர்ப் பஜனை மடத்தில் இருந்த ஹார்மோனியத்தில் ஒருசமயம் மேல்ஸ்தாயிக் கட்டைகள் பல சுருதி மங்கி ஒலித்தன. ரீடுகளையெல்லாம் மாற்றவேண்டும் என்று பலரும் சொல்லிக்கொண்டிருக்கையில், அதைப் பழுதுபார்க்க வந்த முதியவர் கட்டைகளைத் தொடவே இல்லை. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, துருத்தியை அமுக்கியபடியே அதன் மடிப்புகளை ஒட்டி மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் புகை சட்டென்று விலகி ஓடிற்று. அவ்விடத்தில் ஒரு தோல்துண்டை ஒட்டியதோடு வாத்தியம் தன் குரலைத் திரும்பப் பெற்றது.

மோட்டாருக்கும் அதே நிதானம்தான் வேண்டும். சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது இங்கே பயன்படாது. காற்று வெளியேறவில்லை, உள்ளேயல்லவா இழுக்கப்படுகிறது! கேஜ் பொருத்திய கைவேக்குவம் பம்ப் ஒன்று இருந்தால் போதும். முதலில் எஞ்சின் ஓடும்போது தடித்த குழாயில் கேஜைச் செருகி, முள் 500 மி.மீ.க்கு மேல் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். ஏறினால் பம்ப் குற்றமற்றது. அடுத்து, பூட்டுகளுக்குப் போகும் கிளையை டீ எனப்படும் மூன்றுவாய் இணைப்பிலிருந்து கழற்றி, அந்த வாயைத் தற்காலிகமாக அடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பவேண்டும். எஞ்சின் நின்றுவிட்டால் குற்றம் அந்தக் கிளையில். நிற்காவிட்டால், கைப்பம்பை நிறுத்தும் கருவியிலேயே நேராகப் பொருத்தி இழுத்துப் பார்த்தால், டயாப்ரம் கிழிந்ததா, சாவி வால்வு கெட்டதா என்பது தெரிந்துவிடும். நிறுத்தும் கருவியின் குழாய்க்குள் எஞ்சின் எண்ணெய் கசிந்திருந்தால் டயாப்ரம் கிழிந்தது என்று தீர்மானிக்கலாம். பூட்டுக் குழாய்களை ஒவ்வொரு கதவாகப் பிரித்து, பூட்டிய நிலையிலும் திறந்த நிலையிலும் இருமுறை சோதிக்கவேண்டும். பூட்ட ஒரு குழாய், திறக்க ஒரு குழாய் என்று இரண்டு இருப்பதால், ஒரு நிலையில் அசையாத முள் மறுநிலையில் சரியக்கூடும்.

உடைந்த இணைப்பு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால், பழுதுபார்ப்பது சுலபம். ஆனால் பதற்றம் கூடாது. பல வருஷ வெப்பத்தில் ரப்பர் விறைத்து, பிளாஸ்டிக் நிப்பிள் அப்பளம்போல் நொறுங்கும் பதத்தில் இருக்கும். இழுத்துப் பிடுங்கினால், ஒரு கசிவைத் தேடிப் போனவன் மூன்றை உண்டாக்கிவிட்டுத்தான் திரும்புவான். கூரிய பிளேடினால் ரப்பரை நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே முறை. ஒடிந்த நிப்பிளின் துணுக்கு ஹோஸுக்குள் தங்கியிருந்தால் அதையும் வெளியே எடுத்துவிடவேண்டும். பிளாஸ்டிக் குழாயின் வெடித்த நுனியை நேராக நறுக்கி, புதிய ரப்பர் உறையை வெந்நீரில் சற்று இளக்கி, ஒரு செ.மீ. ஆழமாவது ஏறும்படி செருகினால், பசை எதுவும் தேவைப்படாது. எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும், சுவர் கனத்த ரப்பராக இருப்பது அவசியம்; மீன்தொட்டிக்கு வாங்கும் மெல்லிய குழாயை மாட்டினால் அது சூட்டில் இளகி, உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும். ஒருவழி வால்வைத் திசை மாற்றிப் பொருத்திவிடாமல், வாயால் ஊதிப் பார்த்துப் பொருத்தவேண்டும். பிரேக் குழாயிலிருந்து கிளை பிரியும் டீயில் ஊசித்துளை ஒன்று இருக்கும். கதவில் கசிவு ஏற்பட்டாலும் பிரேக்கின் பலம் குன்றாமல் காப்பது அதுதான். அதை எறிந்துவிட்டு அகன்ற துளையுள்ள சாதாரண டீயைப் பொருத்துவது, கதவுப் பூட்டுக்காகப் பிரேக்கைப் பணயம் வைப்பதற்குச் சமானம்.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய பென்ஸ்களைத் திறந்து பார்த்தால், குழாய் முனைகளில் திருகாணிகளும், மேல்நாடுகளில் கோல்ப் பந்தை நிறுத்தும் சிறு ஆப்புகளும் செருகப்பட்டிருப்பதை அடிக்கடி காணலாம். கசிவைக் கண்டறியும் சோதனைக்கு அந்த அடைப்பு நல்ல உபாயந்தான். சோதனை முடிந்த பின்னும் அதையே சிகிச்சையாக வைத்துக்கொள்வதுதான் தவறு. இன்று பூட்டு, நாளை குளிர்காற்று, மறுநாள் கியர் என்று ஒவ்வோர் அவயவமாக மரத்துப்போக, கடைசியில் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுகிறோம். வயதானது வண்டியல்ல, சொற்ப விலையுள்ள சில ரப்பர் துண்டுகள். மலிவான பொருளைக் கவனிப்பது மதிப்புக்குக் குறைவு என்றும், பெரிய உறுப்பைக் கழற்றி மாற்றுவதே வித்தை என்றும் ஒரு நம்பிக்கை நம்முடைய தொழிற்கூடங்களில் வேரூன்றிவிட்டது. அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் வண்டிக்காரர். விவேகத்தை இழப்பவனோ அங்கே தொழில் பழகும் பையன்.

ஆகவே கடிதம் எழுதிய அன்பருக்கு நான் சொல்வது இதுதான்: டீசல் பம்பைத் தொடவேண்டாம். பிரேக் மிதி கட்டையாக இறுகியிருந்தால் மட்டும், அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவேண்டாம். ஒரு காகிதத்தில் குழாய்களின் படத்தை நிறத்தோடு வரைந்துகொண்டு, பூட்டுக் குழாய்களின் சோதனையைப் பின்கதவிலிருந்து தொடங்குங்கள். கசிந்த இணைப்பை மாற்றும்போது, அதனோடு ஒரே வயதுடைய மற்ற ரப்பர் முனைகளையும் மாற்றிவிடுங்கள். முடிந்தால் ஒர்க்‌ஷாப்புப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேஜின் முள் சரிவதையும் நிலைப்பதையும் அவன் கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள். ஒருமுறை பார்த்தவன், அடுத்து வரும் வண்டியில் கழற்றுவதற்கு முன் சோதிப்பான்.