ஓசூரிலிருந்து ராயக்கோட்டை கணினிக்கு

தக்காளிக்குப் பேர்போன ராயக்கோட்டையில் ஒரு மண்டி. பத்து வருடக் கணக்கும் விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. முதலாளிக்கு வீடு ஓசூரில் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உட்கார்ந்தபடி மண்டிக் கணினியை இயக்க வழி உண்டா?

உண்டு, அதுவும் 1998 முதலே. கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகம் உருவாக்கிய வி.என்.சி. என்ற முறையில், அங்கே திரையில் மாறிய பகுதி மட்டும் படமாக இங்கே வரும். இங்கே தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் அங்கே போகும். டைட் வி.என்.சி. போன்ற இலவச மென்பொருள்கள் விண்டோஸ் எக்ஸ்பியில்கூட ஓடும். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் இன்னும் வேகமானது. ஆனால் அது புரொஃபஷனல் போன்ற பதிப்புகளுக்குள்தான் விடும், ஹோம் பதிப்புக்குள் விடாது.

சிக்கல் இணைய இணைப்பில். சிம் போட்ட ரவுட்டர்களில் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே முகவரிதான்; வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்தக் கணினிக்கு என்று தெரியாது. டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற மென்பொருள்கள் இதைத் தலைகீழாக்கின: மண்டிக் கணினியே வெளியே போய் அந்த நிறுவனங்களின் சர்வரில் காத்திருக்கும். சுலபம்தான். அதனால் மோசடிக்காரர்களுக்கும் சுலபம். 2019இல் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது.

ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரவுட்டரில் 3389ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அதே 2019இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் ‘புளூகீப்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, 2014இலேயே கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. விண்டோஸ் 7க்குப் பொது ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

என் சிபாரிசு வேறு. பழைய கணினிக்கு இணையத்தையே துண்டித்துவிட்டு, அதே ரவுட்டரில் ராஸ்பெரி பை மாதிரி ஒரு குட்டிக் கணினியை மாட்டுங்கள். அதில் டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். ஓடட்டும். ஓசூரிலிருந்து முதலில் அதற்குள் போய், அங்கிருந்து வி.என்.சி. வழியே பழையதைத் தொடலாம். இன்னொரு லாபமும் உண்டு: அணைத்து வைத்த பழைய கணினியை அந்தக் குட்டிக் கணினியே எழுப்பும். நெட்வொர்க் கார்டின் முகவரியைப் பதினாறு முறை திரும்பச் சொல்லும் ஒரு சிறு செய்தியைக் கேபிளில் அனுப்பினால் போதும், ‘வேக் ஆன் லேன்’ வசதியை பயாஸில் இயக்கியிருந்தால் கணினி விழித்துக்கொள்ளும்.

கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆகும் அமைப்பும் பயாஸில்தான் இருக்கிறது. மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருந்தால், அந்த ஒரு கரண்ட் கட்டிலேயே இரண்டு அமைப்புகளும் அழிந்துபோகலாம். எனவே மென்பொருளைத் தேடும் முன் கடையில் சி.ஆர். 2032 ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள்.