மூன்று கிழமைக்கு மேல் குரல் அடைத்திருக்கிறதா? சிகரெட் பிடிப்பவர்கள் கவனிக்கவும்

"இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து தொண்டை அடைச்சுப் போச்சு" என்று எங்கள் ஆட்கள் கன பேர் சொல்வார்கள். தடிமன் வந்தால் குரல் அடைப்பது வழமைதான். ஒன்று, இரண்டு கிழமையில் மாறிவிடும். மூன்று கிழமைக்கு மேலும் மாறவில்லை, நீங்கள் சிகரெட்டும் பிடிப்பவர் என்றால், குளிரில் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம்.

குரலுக்கு என்ன நடக்கிறது?

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் உண்டு. நாங்கள் கதைக்கும்போது இவை சேர்ந்து அதிர்கின்றன. மேலே மெல்லிய தோல், அதற்குக் கீழே பசை போன்ற மென்மையான ஒரு படை. வருடக்கணக்காகப் புகை படும்போது, அந்தப் படைக்குள் நீர் கசிந்து தேங்கும். நாண்கள் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி வீங்கிவிடும். இதற்கு 'ரைங்கே வீக்கம்' என்று பெயர். இந்தப் படையை ஆராய்ந்த ஜேர்மன் வைத்தியர் ஒருவரின் பெயர் அது.

வீங்கிய நாண் மெதுவாக அதிரும். அதனால் குரல் தடித்துக் கரகரக்கும். பெண் ஒருவர் போனில் கதைத்தால் மற்றப் பக்கத்தில் 'சேர்' என்று கூப்பிடுவார்கள். ஆண்களின் குரல் ஏற்கனவே தடிப்பு என்றபடியால் அவர்களுக்கு இது பிந்தித்தான் தெரியவரும்.

இது புற்றுநோயா?

இல்லை. இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவது குறைவு. ஆனால் வீக்கத்தை உண்டாக்கிய அதே புகைதான் நாணின் மேல்தோலில் உள்ள கலங்களையும் கெடுக்கிறது. சிலருக்குத் தோல் தடித்து வெள்ளைத் திட்டு வரும். கலங்கள் ஒழுங்கு மாறி வளரத் தொடங்கும். இந்த மாற்றம் கடுமையாகும்போது புற்றுநோய்க்கான ஆபத்தும் கூடும்.

குரல் எப்போதும் கரகரப்பாகவே இருந்தால், புதிதாக ஏதும் வந்தாலும் எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். வெளியில் இருந்து குரலைக் கேட்டு எவரும் வித்தியாசம் சொல்ல முடியாது. உள்ளே பார்க்கத்தான் வேண்டும். குரல் நாணில் வரும் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலானோரைக் குணப்படுத்த முடியும்.

எப்படிப் பார்ப்பார்கள்?

முதலில் உங்கள் ஜீ.பி. டொக்டரிடம் போங்கள். தேவையென்றால் அவர் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார். 45 வயது அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் தெரியாமல் குரல் அடைத்திருந்தால் அவசரமாக அனுப்பும்படி இங்கிலாந்தில் வழிகாட்டல் உண்டு. நிபுணர் மெல்லிய கமெரா ஒன்றை மூக்கு வழியாக விட்டுப் பார்ப்பார். சில நிமிட வேலைதான். சந்தேகம் இருந்தால் மயக்க மருந்து கொடுத்துச் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

சிகரெட்டை விடுவதுதான் முதல் வைத்தியம். விட்டால் வீக்கம் குறையலாம், புற்றுநோய் ஆபத்தும் குறையும். சத்திரசிகிச்சை செய்துவிட்டுத் திரும்பவும் புகைத்தால், வீக்கமும் திரும்ப வரும்.

"என்ரை கேஸ் இன்னும் முடியவில்லையே?"

பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் உங்கள் அகதிக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்வரை ஜீ.பி.யும் ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் இலவசம். ஜீ.பி.யில் பதிய பாஸ்போட்டோ விசாவோ தேவையில்லை. எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் மருந்துக்கும் காசு இல்லை. சிகரெட்டை விட உதவும் சேவைகளும் உண்டு, ஜீ.பி.யிடம் கேளுங்கள்.

பதியும்போது இதைச் சொல்லுங்கள்: "எனக்கு இத்தனை கிழமையாகக் குரல் அடைப்பு. நான் சிகரெட் பிடிப்பவர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்." மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விடாதீர்கள்.

விழுங்க நோவு, கழுத்தில் கட்டி, சளியில் இரத்தம், ஒரு பக்கக் காது நோவு இருந்தால் மூன்று கிழமை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஜீ.பி.யிடம் சொல்லுங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால், அல்லது மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்டால், 999க்கு அடியுங்கள்.