பேஸ்பால் வீசிய ஈட்டி வீரர்

தாராவி சந்துல பந்து வீசுற பையன் அமெரிக்காவுக்குப் போய் பேஸ்பால் ஆட முடியுமா? ஜப்பான்லேர்ந்து ஹிடியோ நோமோ 1995-ல போய்க் கலக்கினாரு. ஆனா அவங்க ஊர்ல அந்த ஆட்டம் ஏற்கெனவே உண்டு. நம்ம ரிங்கு சிங் கதையே வேற. கிரிக்கெட் ரிங்கு இல்லீங்க! இவர் உத்தரப்பிரதேசத்து லாரி டிரைவர் மகன். ஈட்டி எறியறவர், பேஸ்பால் ஆடினதே கிடையாது. 2008-ல ஒரு டிவி போட்டியில இடது கையால வேகமா வீசி ஜெயிச்சார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை ஒப்பந்தம் பண்ணிக்கிச்சு. பெரிய லீக்ல ஆடல. கீழ்மட்ட லீக்ல ஆடினார். முழங்கையில அறுவை சிகிச்சை, அப்புறம் மல்யுத்த மேடை. இவர் கதைதான் 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு ஹாலிவுட் படமாச்சு. அதுக்கு இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!