உங்களுக்குத் தெரியுமா? குழாயில் குறைந்த எண்ணெய் யார் கணக்கில்?

2018-ல் மத்திய அரசு ஏலம் விட்ட 55 எண்ணெய், எரிவாயுப் பகுதிகளில் 41 வேதாந்தா நிறுவனத்துக்குக் கிடைத்தன. விழுப்புரம்–புதுச்சேரி கடலோரமும் அதில் அடக்கம். 2019 ஜூனில் மரக்காணத்திலிருந்து தெற்கே கடலோரம் நெடுக மக்கள் இதை எதிர்த்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். பேச்செல்லாம் எண்ணெய்க் கிணற்றைப் பற்றியே. குழாயைப் பற்றியும் கொஞ்சம் பார்ப்போம்.

கிணற்றுக்கொரு குழாய் கட்டுபடியாகாது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே குழாயில் கச்சா எண்ணெயை ஊற்றும். மூவர் முறையே 6,000, 3,000, 1,000 பீப்பாய் ஊற்றி, மறுமுனையில் 9,980 வந்தால்? குறைந்த 20 பீப்பாயை 12, 6, 2 என்று பிரிப்பதே வழக்கமான கணக்கு. ஒரு பீப்பாய் சுமார் 159 லிட்டர்.

குறைந்ததெல்லாம் ஒழுகியது அல்ல. மரக்காணம் உப்பளப் பாத்தியில் நீர் வற்றுவதுபோல, தொட்டியில் நிற்கும் எண்ணெயின் லேசான பகுதி ஆவியாகிவிடும். லேசான எண்ணெயும் கனமான எண்ணெயும் கலந்தால் மொத்த அளவே சற்றுச் சுருங்கும். வெயிலும் விளையாடும்: 10 டிகிரி சூடேறினால் 1,000 பீப்பாய் ஏறத்தாழ 1,008 ஆகிவிடும்! அதனால்தான் 15 டிகிரி செல்சியஸுக்குத் திருத்தி, கலந்திருக்கும் தண்ணீரையும் கழித்த பிறகே கணக்கு எழுதுகிறார்கள்.

சரி, ஒருவருடைய மீட்டர் மட்டும் கூடுதலாகக் காட்டினால்? ஒழுங்காக அளந்தவரும் சேர்ந்து தண்டம் கட்ட வேண்டிவரும். இதற்கு மாற்றாக, யாருடைய அளவீடு அதிகம் தடுமாறுகிறதோ அவர் தலையில் அதிகக் குறையை ஏற்றும் முறையும் உண்டு. என்னைக் கேட்டால் இதுவே நியாயம்.

குழாயே உடைந்தால்? 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில் சென்னை பெட்ரோலியக் கழகத்தின் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. ஒரே நிறுவனத்தின் குழாய். பங்கு பிரிக்கும் தகராறு இல்லை. இருந்திருந்தாலும், அந்தச் சூத்திரத்தில் எண்ணெய் ஊற்றியவர்களுக்குத்தான் இடம். எண்ணெயில் வலை நனைந்த மீனவருக்கு இல்லை.

நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் குழாயைத் துளைத்தே திருடுகிறார்கள். அந்தக் குறையும் ஊற்றியவர்கள் எல்லோர் தலையிலும் விழும். திருட்டு நடந்த இடத்தைத் தாண்டி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஊற்றியவர் சும்மா இருப்பாரா?

பலருடைய எண்ணெய் கலக்கும்போது அளவு மட்டுமல்ல, தரமும் தகராறுதான். அலாஸ்காவில் 1977 முதல் ஓடும் சுமார் 1,287 கி.மீ. குழாய்க்குத் 'தர வங்கி' என்றே ஓர் ஏற்பாடு உண்டு. வழியில் நார்த் போல் என்ற ஊரின் சுத்திகரிப்பு ஆலை எண்ணெயை எடுத்து, நல்லதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பக் குழாயிலேயே விடும். தரம் குறைந்ததற்கு ஆலை பணம் கட்டும். நல்ல எண்ணெய் ஊற்றியவர்களுக்கு அது போய்ச் சேரும்.